உம்கேனி தந்த மயில்

பெருமழை பெய்தால் உம்கேனி ஆறு ஊர்க் குப்பையையெல்லாம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் கொண்டுவந்து தள்ளிவிடும். அதில் பொறுக்கிய பொம்மைகளை வைத்துத்தான் தைப்பூசத்துக்கு மயில் செய்துகொண்டிருக்கிறேன். தோகைக் கண்கள் எல்லாம் விளையாட்டுக் கார்ச் சக்கரங்கள். கழுத்து ஒரு நீலக் குதிரையினுடையது.

மெழுகுபோல் வழுக்கும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் பசை லேசில் நிற்காது. துளையிட்டுக் கம்பியால்தான் இறுக்க வேண்டும். கெட்டிப் பிளாஸ்டிக் என்றால் உப்புத்தாள் தேய்த்து எபாக்சிப் பசை வைத்தால் போதும்.

முழுவதற்கும் ஒரே வண்ணம் அடிக்கச் சொல்கிறார்கள். மாட்டேன். வெயிலில் வெளுத்த பொம்மையின் சிவப்பு எந்த டப்பாவிலும் கிடைக்காது. தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லி பெஸ்டரின் சிற்பங்களைப் பாருங்கள்: பழைய இரும்பு பழைய இரும்பாகவே நிற்கும்.

டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதி அக்கா, அண்ணன்மாரே, உடைந்த பொம்மை இருந்தால் எறிந்துவிடாதீர்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். நீலம் என்றால் உடனே சொல்லுங்கள்.