வெளியே இருக்கிறவங்ககிட்ட மட்டும் ஏன் இவ்வளவு கடுமை?

பைபிள்ல பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதின ஒண்ணு கொரிந்தியர் 5-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது நம்மள்ல பெரும்பாலானவங்க முதல் பாதியிலயே நின்னுடறோம். தகப்பனோட மனைவியை வச்சிருக்கிற ஒருத்தன் சபைக்குள்ளயே இருக்கான், சபையும் அதுக்காகத் துக்கப்படாம இறுமாப்பா உட்கார்ந்திருக்கு, பவுல் கொதிச்சுப் போய் எழுதறார். சரிதான். ஆனா அந்த அதிகாரத்தோட கடைசியில அவர் சொல்ற விஷயம்தான் ரொம்ப நாளா என் மனசுல ஓடிட்டு இருக்கு. விபசாரக்காரங்களோட கலந்திருக்காதீங்கன்னு முன்னாடி எழுதினேனே, அது இந்த உலகத்து ஜனங்களைச் சொன்னது இல்ல, அப்படிப் பார்த்தா நீங்க உலகத்தை விட்டே போயிடணும், சகோதரன்னு பேர் வச்சுக்கிட்டு அப்படி நடக்கிறவனைத்தான் சொன்னேன்னு விளக்கம் கொடுத்துட்டு, "புறம்பே இருக்கிறவர்களைக்குறித்துத் தீர்ப்புச்செய்கிறது என் காரியமா?"ன்னு கேட்கிறார். வெளியே இருக்கிறவங்களுக்குத் தேவன் தீர்ப்பு செய்வார், அது உங்க வேலை இல்லங்கிறார்.

நாம இதை அப்படியே தலைகீழா மாத்தி வச்சிருக்கோம். சபைக்குள்ள ஒருத்தர் கணக்குல கை வச்சா, வீட்டுல மனைவியை அடிச்சா, "ஜெபத்துல வச்சுக்குவோம், வெளிய தெரிஞ்சா நாமத்துக்கு இழுக்கு"ன்னு மூடி வைக்கிறோம். அதே நேரத்துல ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல இருக்கிற, பைபிளையே திறந்து பார்க்காத ஒருத்தங்க டைவர்ஸ் வாங்கினா, கல்யாணம் ஆகாம சேர்ந்து இருந்தா, குடிச்சா, அவங்க எதுக்கும் கட்டுப்படறதா வாக்கு கொடுக்காத ஒரு சட்டத்தை வச்சு அவங்களை அளக்கிறோம். ஸ்டேட்டஸ்ல வசனம் போட்டுக் குத்துறோம். இது எனக்கு நெஜமாவே வலிக்குது, ஏன்னா அந்த வசனம் அவங்களுக்குக் கல்லாப் போய் விழுது, அதுக்கப்புறம் ஆண்டவர் பேரைக் கேட்டாலே அவங்க கை தானா தலையை மறைச்சுக்குது.

இதுல இயேசுவோட சீஷர் யோவானோட கதையைக் கொஞ்சம் கவனிச்சுப் பார்க்கணும், ஏன்னா நம்மள மாதிரியேதான் அவரும் ஆரம்பிச்சார். லூக்கா 9-ல இயேசு எருசலேமுக்குப் போற வழியில ஒரு சமாரியர் கிராமத்துல தங்க இடம் கேட்டு ஆள் அனுப்பறார், அவங்க ஏத்துக்கலை. உடனே யாக்கோபும் யோவானும், எலியா தீர்க்கதரிசி செஞ்ச மாதிரி வானத்துல இருந்து அக்கினி இறங்கி இவங்களை அழிக்கும்படி நாங்க கட்டளையிடட்டுமான்னு கேட்கிறாங்க. தங்க இடம் கொடுக்கலைங்கிறதுக்கு ஊரையே எரிக்கணுமாம்! யூதருக்கும் சமாரியருக்கும் நடுவுல தலைமுறை தலைமுறையா பகை, எந்த மலையில தொழுதுகொள்ளணுங்கிறதுல இருந்தே சண்டை, அதனால பக்தி வைராக்கியமும் பழைய வெறுப்பும் ஒண்ணோட ஒண்ணு கலந்து எது எதுன்னே அவங்களுக்குத் தெரியலை. இயேசு திரும்பிப் பார்த்து அதட்டினார், வேற கிராமத்துக்குப் போயிட்டாங்க. அவ்வளவுதான். தன்னை வேண்டாம்னு சொன்ன ஊருக்கு அவர் செஞ்சது, அதைக் கடந்து போனது மட்டும்தான்.

அடுத்த அதிகாரத்துலயே அவர் ஒரு கதை சொல்றார், அதுல ஹீரோ ஒரு சமாரியன். எரிக்கணும்னு கேட்ட சீஷர்கள் காதுல அது எப்படி விழுந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. எருசலேம்ல இருந்து எரிகோவுக்கு இறங்கிப் போற பாதை, அடிபட்டுக் குற்றுயிரா கிடக்கிற ஒரு மனுஷன், தேவாலயத்துல ஊழியம் செய்யற ஆசாரியனும் லேவியனும் பார்த்துட்டு விலகிப் போறாங்க. அந்த சமாரியன் என்ன பண்ணினான்னு லூக்கா ஒண்ணொண்ணா எழுதியிருக்கார்: கிட்ட வந்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து காயத்தைக் கட்டினான், தன் சொந்த வாகனத்துல ஏத்தினான் (அப்போ அவன் நடந்துதான் போயிருக்கணும்), சத்திரத்துக்குக் கொண்டு போய்ப் பராமரிச்சான், மறுநாள் 2 பணம் கொடுத்தான், அதாவது ஒரு கூலியாளோட 2 நாள் சம்பளம், இன்னும் செலவானா திரும்பி வரும்போது தர்றேன்னான். அடிபட்டவன்கிட்ட நீ யாரு, எந்தப் பக்கம், எந்த மலையில கும்பிடுறேன்னு ஒரு கேள்வி கிடையாது. அவன் கண்ணைத் திறந்ததும் எங்க மலைக்கு வந்துடுன்னும் சொல்லலை.

இங்கதான் நான் கொஞ்சம் நிக்கணும். நாம உதவி செய்யாம இல்ல. ஆனா அந்த உதவிக்குப் பின்னால ஒரு கொக்கி இருக்கு, வாங்கறவங்களுக்கு அது நல்லாவே தெரியுது. ஆஸ்பத்திரி வார்டுல ஒரு அம்மா ஆபரேஷன் முடிஞ்சு கண்ணைக்கூடத் திறக்க முடியாம படுத்திருக்காங்க, நாம கட்டிலைச் சுத்தி நின்னு சத்தமா ஜெபிக்கிறோம், அவங்க மகள் சுவரோரமா ஒதுங்கி நிக்கிறா, ஜெபிக்கலாமான்னு அவகிட்ட யாரும் கேட்கலை, கிளம்பும்போது தலையணைக்குக் கீழ ஒரு சுவிசேஷக் கைப்பிரதி. அந்தப் பொண்ணு ராத்திரி பூரா தூங்கலை, யாராவது ஒரு மணி நேரம் உட்கார்ந்தா கொஞ்சம் கண்ணை மூடலாம்னு ஏங்கிட்டு இருந்திருப்பா. அதை யாருமே கவனிக்கலை. நான் ஜெபத்துக்கு எதிரி இல்ல, கைப்பிரதிக்கும் எதிரி இல்ல. வாங்கற நிலைமையில இல்லாதவங்க கையில திணிக்கிறதுதான் எனக்குச் சகிக்கலை.

என் ஃபிரெண்டோட அப்பா இறந்தப்போ நடந்ததைச் சொல்றேன். அவங்க விசுவாசிகள் இல்ல. துக்க வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர், ரொம்ப வருஷமா விசுவாசத்துல இருக்கிறவர், அவன் கையைப் பிடிச்சுட்டு "அப்பா கடைசி நேரத்துல ஆண்டவரை ஏத்துக்கிட்டாரா?"ன்னு கேட்டார். அவன் ஒண்ணும் பேசலை, கையை மட்டும் மெதுவா எடுத்துக்கிட்டான். அதே வீட்டுக்கு எங்க சபையில இருந்து ஒரு அக்காவும் வந்திருந்தாங்க, அதிகம் பேசத் தெரியாதவங்க. பாத்திரம் கழுவினாங்க, சின்னப் பிள்ளைங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்த் தூங்க வச்சாங்க. கூட்டமெல்லாம் கலைஞ்சு, வர்றவங்க வரத்து நின்னு போனதுக்கு அப்புறமும் வந்தாங்க. என் ஃபிரெண்டோட அம்மாவை பேங்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க, நாமினி ஃபார்ம், இறப்புச் சான்றிதழ், அது இதுன்னு அலைச்சல், கையெழுத்துப் போடும்போது அந்த அம்மாவுக்குக் கை நடுங்கி ஃபார்ம் ரெண்டு தடவை வீணாப் போச்சு, கவுன்ட்டர்ல இருக்கிறவர் சலிச்சுக்கிறார், இந்த அக்கா பதட்டமே இல்லாம இன்னொரு ஃபார்ம் வாங்கி, அந்த அம்மா கைக்குக் கீழ தன் கையை வச்சு, "மெதுவாப் போடுங்கம்மா, அவசரம் ஒண்ணும் இல்ல"ன்னாங்க. மனதுருக்கம்னு பைபிள்ல வாசிக்கிறோமே, எனக்கு இப்ப அந்த வார்த்தையைக் கேட்டா அந்த கவுன்ட்டர்தான் கண்ணு முன்னால வருது.

பத்து குஷ்டரோகிகளை இயேசு சுத்தமாக்கினார், திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருத்தன், அவனும் சமாரியன். மத்த ஒன்பது பேர் எங்கேன்னு அவர் கேட்டார், கேட்கத்தான் செஞ்சார், அவருக்கும் அது வலிச்சிருக்கும்னு நினைக்கிறேன். ஆனா அந்த ஒன்பது பேருக்கும் குஷ்டம் திரும்ப வந்ததா எழுதியிருக்கா? இல்லையே. ஒருத்தருக்கு உதவி பண்றோம், அவங்க சபைக்கு வரலை, ஒரு தேங்க்ஸ்கூட இல்ல, அடுத்த முறை அவங்க கேட்கும்போது நம்ம முகம் மாறுதுன்னா நாம கொடுத்தது கிருபை இல்ல, கடன். நம்ம பிதா தீயோர் மேலயும் நல்லோர் மேலயும் சூரியனை உதிக்கப் பண்றார்னு மலைப் பிரசங்கத்துல இருக்கு, அதுக்கு அவர் எந்தக் கணக்கும் எழுதி வச்சுக்கிற மாதிரி தெரியலை.

இன்னொரு பக்கமும் இருக்கு, இதை நாம பேசுறதே இல்ல. நாம எப்பவும் கொடுக்கிற இடத்துலயே நிக்கப் பார்க்கிறோம். வெளியே இருக்கிறவங்ககிட்ட வாங்கறதுக்கு நமக்குக் கூச்சம். இயேசு சமாரியப் பொண்ணுகிட்ட முதல்ல பேசினதே "தாகத்துக்குத் தா"ன்னுதான், களைச்சுப் போய்க் கிணத்தடியில உட்கார்ந்து கேட்டார். பவுல் போன கப்பல் உடைஞ்சு 276 பேரும் நனைஞ்சு போய் மெலித்தா தீவுல கரையேறினப்போ, சுவிசேஷமே கேட்டிராத அந்தத் தீவு ஜனங்கதான் மழைக்கும் குளிருக்கும் நெருப்பு மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கிட்டாங்க. அவங்க காட்டின அன்பு கொஞ்சமில்லன்னு லூக்கா நன்றியோட எழுதி வச்சிருக்கார். தன் சொந்த ஊரான நாசரேத்து ஜெப ஆலயத்துல இயேசு பேசினப்போ எல்லாரும் முதல்ல ஆச்சரியப்பட்டுக் கேட்டுட்டுத்தான் இருந்தாங்க, எலியா அனுப்பப்பட்டது அந்நிய தேசத்துச் சாறிபாத் விதவைகிட்ட, எலிசா காலத்துல சுத்தமானவன் சீரியனாகிய நாகமான்னு சொன்னதும் மலையுச்சியில இருந்து தள்ளிவிடக் கொண்டு போயிட்டாங்க. வெளியாளுக்கும் தேவன் பிரியம் காட்டுவார்ங்கிறது அவங்களுக்கு அவ்வளவு கோபம். நமக்கும் உள்ளுக்குள்ள அந்தக் கோபம் கொஞ்சம் இருக்கோன்னு சில நேரம் தோணுது.

ஆதி சபை இந்த விஷயத்துல எவ்வளவு உறுதியா இருந்ததுன்னு பார்த்தா நமக்கே பொறாமையா இருக்கும். கி.பி. 250-ல ரோமை ஆண்ட தேசியு ராயன் காலத்துல கிறிஸ்தவங்களை எவ்வளவோ துன்பப்படுத்தினாங்க, அதுக்கப்புறம் கொஞ்ச காலத்துல வட ஆப்பிரிக்காவுல இருந்த கார்த்தேஜ் நகரத்துல கொள்ளைநோய், ஜனங்க சொந்தக்காரங்களையே விட்டுட்டு ஓடறாங்க. அந்த ஊர் பிஷப் சிப்ரியான் தன் ஜனங்களைக் கூட்டி, நம்ம ஆட்களை மட்டும் கவனிச்சா அதுல என்ன பெருமை, நம்மைப் பகைக்கிறவங்களையும் கவனிக்கணும்னு சொன்னார்னு அவர் வாழ்க்கையை எழுதினவர் பதிவு பண்ணியிருக்கார். தங்களைக் காட்டிக் கொடுத்த அக்கம்பக்கத்துக்காரங்க வீட்டுக்குள்ளகூட அவங்க போயிருப்பாங்க. நூறு வருஷம் கழிச்சு ஜூலியன் ராயன், கிறிஸ்தவத்தை விட்டு விலகி பழைய தெய்வங்களைத் திரும்ப நிலைநிறுத்தப் பார்த்தவர், 362 வாக்குல தன் பூசாரி ஒருத்தருக்கு எழுதின லெட்டர்ல புலம்பறார்: இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவங்களை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்) அவங்க ஏழைகளை மட்டும் இல்ல, நம்ம ஏழைகளையும் சேர்த்துப் பராமரிக்கிறாங்கன்னு. எதிரி வாயில இருந்து வந்த சாட்சி இது. இன்னிக்கு நம்மளைப் பிடிக்காதவங்க நம்மளைப் பத்தி எழுதினா என்ன எழுதுவாங்க?

"அப்ப சுவிசேஷமே சொல்ல வேண்டாமா?"ன்னு சிலர் கேட்பாங்க, இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏன்னா கேட்கிறவங்க பாரத்தோடதான் கேட்கிறாங்க. சொல்லணும், கண்டிப்பா சொல்லணும். ஆனா பேதுரு அதை எப்படி எழுதறார்னு பாருங்க, உங்ககிட்ட இருக்கிற நம்பிக்கையைக் குறிச்சு விசாரிச்சுக் கேட்கிறவங்களுக்குச் சாந்தத்தோடயும் வணக்கத்தோடயும் பதில் சொல்ல ஆயத்தமா இருங்கன்னு. அவங்க கேட்கிற மாதிரி நம்ம வாழ்க்கையில முதல்ல ஏதாவது இருக்கணுமே. 4-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல எகிப்துல பகோமியுஸ்ங்கிற ஒரு இளைஞனைக் கட்டாயமா ரோமப் படைக்குப் பிடிச்சுட்டுப் போய் தீப்ஸ்ல அடைச்சு வச்சிருந்தாங்க. முன்பின் தெரியாத ஜனங்க சாப்பாடு கொண்டு வந்து கொடுக்கிறாங்க, இவங்க யாருன்னு அவர் பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட விசாரிக்கிறார், கிறிஸ்தவங்க, எல்லாருக்கும் நன்மை செய்வாங்கன்னு பதில் வருது. விடுதலையானதும் போய் ஞானஸ்நானம் எடுத்தார், பின்னாடி துறவிகள் ஒண்ணாச் சேர்ந்து வாழற மடங்களைத் தொடங்கி வச்சவரும் அவர்தான். சாப்பாடு கொண்டு போனவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. பசியா இருக்கிற ஒரு சிப்பாய்னு மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும்.

நடைமுறையில எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது ஒண்ணு. சபையில காயப்பட்டு வெளிய போனவங்க இருக்காங்க, அவங்க பேச ஆரம்பிச்சா நாம உடனே சபைக்கு வக்கீலா மாறிடறோம், "எல்லா சபையும் அப்படி இல்ல", "மனுஷனைப் பார்க்காதீங்க, ஆண்டவரைப் பாருங்க"ன்னு ரெடியா பதில். அவங்க சொல்லி முடிக்கட்டும். நடுவுல வசனம் வேண்டாம். கேட்டு முடிச்சுட்டு, உங்களுக்கு அப்படி நடந்திருக்கக் கூடாதுன்னு சொல்லுங்க, அது உண்மைதானே. அதுக்கு மேல எதுவும் தோணலைன்னா சும்மா கூட உட்கார்ந்திருங்க. அடுத்த வாரம் ஒரு ஃபோன் பண்ணுங்க, ஆராதனைக்குக் கூப்பிட இல்ல, எப்படி இருக்காங்கன்னு கேட்கறதுக்கு.

யோவானைப் பத்தி முழுசாச் சொல்லலை. அப்போஸ்தலர் 8-ல பிலிப்பு சமாரியாவுக்குப் போறார், அந்த ஜனங்க வசனத்தை ஏத்துக்கிட்டாங்கன்னு கேள்விப்பட்டு எருசலேம்ல இருந்து ரெண்டு பேரை அனுப்பறாங்க, ஒருத்தர் பேதுரு, இன்னொருத்தர் இதே யோவான். அவர் அங்க போய் சமாரியர்களுக்காக ஜெபம் பண்ணி, அவங்க மேல கை வைக்கிறார், திரும்பி வர்ற வழியில சமாரியரோட பல கிராமங்கள்ல சுவிசேஷம் சொல்லிட்டே வர்றாங்க. அந்தக் கிராமங்கள்ல அன்னிக்கு எரிக்கணும்னு கேட்ட கிராமமும் இருந்ததான்னு எழுதலை. இருந்திருக்கணும்னு நான் ஆசைப்படறேன்.