636 மீட்டர்தானே என்று கிளம்புகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டுக்குப் புறப்படுகிறவர்கள் வீட்டிலேயே செய்துவிடும் முதல் தவறு, மலையின் உயரத்தைத் தேடிப் பார்ப்பது. அங்கே இருப்பதிலேயே உயரமான இடம் கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். "இதெல்லாம் ஒரு மலையா?" என்று சிரித்துவிட்டு, ஜீன்ஸ் மாட்டி, கான்வாஸ் ஷூ போட்டு, பையில் ஒரு வாழைப்பழத்தோடு ரயிலேறுவார்கள். மாலையில் அதே ரயிலில் திரும்பும்போது முழங்கால் வரை கறுப்புச் சேறு, முகத்தில் பட்டினத்தாரின் தெளிவு. வாழைப்பழம் பையின் அடியில் கூழாகியிருக்கும்.

பெயரே ஏமாற்று. பீக் என்றால் சிகரம் என்று நம்பிப் போனால் அங்கே சிகரம் என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. பழைய காலத்தில் அங்கே வாழ்ந்த பெக்சேட்டன் என்ற மக்களின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். கிண்டரின் தலை, மேசை போலத் தட்டையான கரி மண் வெளி. மிக உயரமான புள்ளி எது என்று கண்டுபிடிக்க ஜி.பி.எஸ்ஸோடு சுற்றுகிற கூட்டம் ஒன்று எப்போதும் மேலே இருக்கும். நான்கு பேர் நான்கு மண்மேட்டில் நின்று "இதுதான்" என்பார்கள்.

ஆனால் கேலி செய்வதற்கு முன் ஒரு விஷயம். இந்தச் சேற்றில் நடக்கும் உரிமைக்காக ஆட்கள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். பறவை வேட்டைக்காகப் பெரிய நிலக்காரர்கள் மேட்டை மூடி வைத்திருந்த காலத்தில், 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞரின் தலைமையில் சில நூறு பேர் ஹேஃபீல்டு ஊரிலிருந்து கிண்டர் மீது ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இதே பீக் டிஸ்ட்ரிக்ட்தான். ஷூ சேற்றில் புதையும்போது திட்டலாம், தப்பில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிய சேறு என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

முதல் தடவை போகிறவர்களுக்குக் கிண்டர் வேண்டாம். ஈடேல் ரயில் நிலையத்தில் இறங்கி ஹாலின்ஸ் கிராஸ் ஏறி, வலப்பக்கம் திரும்பி மாம் டார் (517 மீட்டர்) போய், வந்த வழியே திரும்பி, மலைமுதுகின் மீதே பேக் டார், லூஸ் ஹில் தாண்டி ஹோப் ரயில் நிலையத்தில் இறங்குவதுதான் நல்ல வழி. ஏறக்குறைய 12 கிலோமீட்டர், ஏற்றம் மொத்தமாக 400 மீட்டருக்குச் சற்று மேல். ஹாலின்ஸ் கிராஸ் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்: ஈடேலில் சொந்தமாகத் தேவாலயம் இல்லாத நாட்களில் சவப்பெட்டிகளை இந்த வழியாகத்தான் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் காஸில்டன் ஊருக்குத் தூக்கிப்போனார்கள். நீங்கள் தூக்குவது தண்ணீர் பாட்டில்.

நேரக் கணக்குக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன சூத்திரம் இன்றும் ஓடுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 10 நிமிடம். இந்த வழிக்கு அது சுமார் மூன்று மணி நேரம் என்று வரும். நெய்ஸ்மித் செல்ஃபி எடுக்கவில்லை, செம்மறியாட்டோடு பேசவில்லை, ஃபிளாஸ்கைத் திறக்கவில்லை. நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இறங்கி வருகிறவரிடம் மட்டும் தூரம் கேட்காதீர்கள். எங்கே நின்று கேட்டாலும் "இதோ வந்துவிட்டது, பத்தே நிமிடம்" என்பார். பொய் சொல்வது அவர் நோக்கமல்ல, இறங்குகிற காலுக்கு அப்படித்தான் தெரியும்.

இன்னொரு வேடிக்கை. ரயிலில் ஒரு மணி நேரம் எதிர் இருக்கையில் உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்க்காத ஆங்கிலேயர், ஒற்றையடிப் பாதையில் கால் வைத்ததும் பார்க்கிற எல்லோருக்கும் ஹலோ சொல்வார். பதில் சொல்லியாக வேண்டும். கொட்டுகிற மழையில் "அருமையான நாள்" என்றாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இனி கதவுகள். மலை உங்களைச் சாய்ப்பதில்லை, கதவுகள்தான் சாய்க்கும். வயலுக்கு வயல் கல்சுவர். ஒவ்வொரு சுவரிலும் மனிதன் போகலாம், ஆடு மாடு போகக்கூடாது என்று ஒரு ஏற்பாடு. முதலாவது, நிறுத்தி வைத்த இரண்டு கல்லுக்கு நடுவே கால் நுழையும் அளவுக்கு மட்டும் விட்ட சந்து. கீழே குறுகல், மேலே கொஞ்சம் அகலம். ஆட்டுக்குட்டியை நிறுத்தக் கட்டியது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்களையும் நிறுத்தும். முதுகுப்பையைக் கழற்றி முதலில் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, பக்கவாட்டில் நுழையுங்கள். இன்னொன்று சுவர்மேல் சாய்த்த மர ஏணி. ஏறுவது எளிது. முகத்தை முன்னே வைத்து இறங்கினால் ஈரப் பலகையில் குதிகால் வழுக்கும். வீட்டுப் பரணிலிருந்து இறங்குவது போல ஏணியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்க வேண்டும். மூன்றாவது கிஸ்ஸிங் கேட். பெயரைக் கேட்டுப் புதுமணத் தம்பதிகள் ஆர்வமாகப் போவார்கள். அரைவட்ட அடைப்புக்குள் ஒரு கதவு ஆடி, இரு பக்கத்துச் சட்டத்தையும் தொட்டுத் தொட்டு நிற்கும், அதனால் முத்தக் கதவு, அவ்வளவுதான். உள்ளே நுழைந்து மூலையில் ஒதுங்கி, கதவை எதிர்ப்பக்கம் தள்ளி வெளியே வரவேண்டும். சைக்கிளோடு நுழைந்தவர் கதவுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பார்.

சாதாரண கதவு என்றால் எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். திறந்திருந்ததை நல்ல மனசோடு மூடிவிட்டால், மந்தை தண்ணீருக்குப் போகும் வழி அடைபட்டிருக்கும்.

மாடு. இதில் சிரிப்புக்கு நடுவே கொஞ்சம் கவனம் வேண்டும். கன்றோடு நிற்கும் பசுக்களுக்கு நடுவே போகவே கூடாது, சுற்றிப் போகலாம். கையில் நாய் இருந்து மாடு துரத்தினால் நாயை அவிழ்த்துவிடுங்கள், மாட்டுக்கு நாயின் மீதுதான் கோபம், நாய் உங்களைவிட வேகமாக ஓடும். காளை விஷயம்தான் சட்டப் புத்தக நகைச்சுவை. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுப்பாதை போகும் வயலில் 10 மாதத்துக்கு மேற்பட்ட காளையைத் தனியாக விடக்கூடாது. பசுக்களோடு சேர்த்து விடலாம், ஆனால் ஃப்ரீஷியன், ஹோல்ஸ்டீன், ஜெர்சி, கெர்ன்சி மாதிரியான பால்மாட்டு இனக் காளையாக இருக்கக்கூடாது. ஆக, எதிரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு காளை நிற்கும்போது, ஓடுவதற்கு முன் அதன் இனத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சேற்றுக்கு வருவோம். கிண்டர் பக்கம் இருப்பது வெறும் மண்ணல்ல, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காமல் சேர்ந்த பாசி. பச்சைப்பசேல் என்று கண்ணைப் பறிக்கிற இடம்தான் மோசம், அடியில் தண்ணீர். கோரைப்புல் கொத்துமேல் காலை வையுங்கள். ஷூ புதைந்தால் நேராக மேலே இழுக்காதீர்கள். இழுத்தால் கால் வரும், ஷூ வராது. குதிகாலை முதலில் இப்படியும் அப்படியும் அசைத்துக் காற்று புகவிட்டால் விடுபடும். 1965இல் திறந்த பென்னைன் வே என்ற 431 கிலோமீட்டர் நடைபாதை ஈடேலில்தான் தொடங்குகிறது. அதன் சதுப்புப் பகுதிகளில் இப்போது கல்பலகைகள் பாவியிருக்கிறார்கள். நிறைய, மூடிப்போன பழைய மில்களின் தரைக்கற்கள். பலகை இருக்கும் இடத்தில் பலகையை விட்டு இறங்காதீர்கள்.

மழை மேலிருந்து கீழேதான் பெய்யும் என்பது சமவெளி நம்பிக்கை. மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் கிண்டர் டவுன்ஃபால் என்ற 30 மீட்டர் அருவியின் தண்ணீரே மேல்நோக்கிப் பறக்கும். அருவிக்கே அந்தக் கதி என்றால் குடை என்ன ஆகும்? குடையை வீட்டில் வையுங்கள். ஜீன்ஸும் வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, கனக்கும், உடம்புச் சூட்டை உறிஞ்சும். மழைக்கால்சட்டை வாங்கினால் காலடியிலிருந்து முழங்கால் வரை ஜிப் திறப்பதாகப் பாருங்கள். இல்லையென்றால் சேற்று ஷூவோடு ஒற்றைக்காலில் நொண்டியபடி அதை மாட்டும் நாட்டியத்தை எதிரே வருபவர் ஹலோ சொல்லிக்கொண்டே ரசிப்பார். செல்போன் சிக்னலை நம்ப முடியாத பள்ளத்தாக்குகள் இவை. 1:25,000 அளவு காகித வரைபடமும் ஒரு விசிலும் எடைக்கு ஒன்றுமில்லை. ஆபத்தென்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு. சிக்னல் இருந்தால் அவசர எண் 999, முதலில் போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு.

சைக்கிள்காரர்கள் முதலில் கற்க வேண்டியது பாதையோர வழிகாட்டி அம்பின் நிறம். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு போட்ட பாதையில் குதிரையும் சைக்கிளும் போகலாம், ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டியது சைக்கிள்தான். குதிரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து மணியடிப்பதைவிட, தூரத்திலிருந்தே வாயால் குரல் கொடுப்பது எல்லோருக்கும் நல்லது.

காலுக்கு இரக்கம் வேண்டுமென்றால் மான்சல் டிரெயில். 1863இல் போட்டு 1968இல் மூடிய ரயில் தடம். பேக்வெல்லிலிருந்து பிளாக்வெல் மில் வரை 13.7 கிலோமீட்டர். தலா 400 மீட்டர் அளவில் நான்கு பெரிய சுரங்கங்கள், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் 2011இல் திறந்துவிட்டவை. பகலில் விளக்கு எரியும், இருட்டினால் அணைந்துவிடும். வெயில் நாளில் கறுப்புக் கண்ணாடியோடு உள்ளே பாய்கிறவர்கள் பத்தாவது மீட்டரில் ஒரு குடும்பத்தின் நடுவே பிரேக் போடுவார்கள். கண்ணாடியை வாசலிலேயே கழற்றுங்கள். இந்தத் தடம் போட்டபோது எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொதித்தார். பக்ஸ்டனில் இருக்கும் முட்டாள்கள் அரைமணியில் பேக்வெல் போகவும், பேக்வெல் முட்டாள்கள் பக்ஸ்டன் போகவும் ஒரு பள்ளத்தாக்கையே அழித்துவிட்டார்கள் என்று. அவர் வெறுத்த ஹெட்ஸ்டோன் பாலத்தைத்தான் இன்று எல்லோரும் மான்சல் ஹெட்டிலிருந்து படம் பிடிக்கிறார்கள்.

ரயில் தடம் என்பதால் மேடே தெரியாது என்பார்கள், தெரியும். பேக்வெல்லிலிருந்து மேற்கே போகப்போக மெதுவான ஏற்றம், கூடவே பெரும்பாலும் எதிர்க்காற்று. அதனால் முதலில் மேற்கே போய்விட வேண்டும், திரும்பி வருவது இனாம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தவர் பேக்வெல் வரை "நான் எவ்வளவு ஃபிட்" என்று பூரித்துப்போய், திரும்பும்போது பிரேக் உரசுகிறதா என்று மூன்று முறை இறங்கிப் பார்ப்பார். மழை பெய்தால் சுண்ணாம்புக்கல் தூள் வெள்ளைக் கூழாகிச் செயினில் ஏறும். அன்றே கழுவி, துடைத்து, எண்ணெய் விடாவிட்டால் செயினை அரைத்துவிடும்.

இதையெல்லாம் லேசு என்று நினைப்பவர்களுக்குக் காஸில்டனை ஒட்டி வின்னட்ஸ் பாஸ் காத்திருக்கிறது. சரிவு 20 சதவீதத்தைத் தாண்டும். அந்தச் சரிவைத் தவிர்ப்பதற்காகவே 19ஆம் நூற்றாண்டில் மாம் டாரின் அடியில் வளைந்து வளைந்து ஒரு சாலை போட்டார்கள். மலை சரிந்துகொண்டே இருந்தது. அவர்களும் தார்மேல் தார் போட்டார்கள். 1979இல் கைவிட்டு மூடினார்கள். இன்றும் போய்ப் பார்க்கலாம், உடைந்த தார் அடுக்கடுக்காக இட்லித் தட்டு போல நிற்கும், நடுக்கோடு பாதாளத்துக்குள் இறங்கும். ஆக வண்டிகளுக்கு மறுபடியும் வின்னட்ஸ்தான். சிறிய கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே போடுங்கள். பாதியில் முழு பலத்தோடு மிதித்தபடி மாற்றினால் செயின் கழன்று, நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் மெல்லச் சாய்வீர்கள். முன்சக்கரம் தூக்கினால் உடம்பை முன்னே சாயுங்கள். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தே வராமல், அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு வாருங்கள். வளைவுக்கு அப்பால் சாலை நடுவே ஆடு படுத்திருக்கும், எழுந்திருக்காது. சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்த மாட்டுத்தடுப்பு வந்தால் நேராக, பிரேக் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல் கடக்க வேண்டும். ஈரத்தில் அது சோப்பு.

செப்டம்பருக்குப் பிறகு வேலி வெட்டுவார்கள், முள் சாலையில் கிடக்கும். பஞ்சரானால் டியூபை மட்டும் மாற்றிவிட்டுப் பெருமையோடு ஏறாதீர்கள். டயருக்குள் முள் அப்படியே இருந்து, ஐந்தாவது நிமிடத்தில் புது டியூபையும் பதம் பார்க்கும். பழைய டியூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் என்று பார்த்து, டயரில் அதே இடத்தைத் தடவினால் அகப்படும்.

பேக்வெல்லில் பசித்தால் புட்டிங் கேளுங்கள், டார்ட் என்று கேட்டுவிடாதீர்கள். அடுக்கு மாவு, ஜாம், மேலே முட்டையும் பாதாமும், பார்க்கக் கொஞ்சம் சரிந்த மலை மாதிரி இருக்கும். அசல் செய்முறை எங்களிடம்தான் என்று ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் சொல்லும். தீர்ப்பு சொல்ல எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கித் தின்பதே நியாயம்.

உள்ளூர் ரயிலில் பெரும்பாலும் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம், முந்தியவருக்கே. வீட்டுக்கு வந்ததும் ஷூவை ஹீட்டர்மேல் வைக்காதீர்கள், தோல் வெடித்து அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். லேஸை அவிழ்த்து, செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். ஜீன்ஸைத் துவைக்கும் இயந்திரத்தில் போடும் முன் பால்கனியில் ஒருமுறை உதறிவிடுங்கள். கிண்டரில் கால் கிலோவாவது உங்களோடு வந்திருக்கும்.