குளத்துக் கோப்பு கைக்கு வரும் வரை

குளத்துக்கரையை ஒட்டி எவர் வீட்டு வேலியோ வருஷத்துக்கு இரண்டடி உள்ளே நகர்கிறது. நெல்லைப் பக்கத்தில் இதற்காக எழுதப்படும் முதல் மனுவில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும்: “ஆக்கிரமிப்பை ஏன் அகற்றவில்லை?” தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்தக் கேள்வி தோற்றுப்போகும். கோப்பில் இருப்பதைத் தந்தால் போதும், புதிதாக விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை என்று 2011-ல் சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அலுவலகங்கள் மனப்பாடமாக வைத்திருக்கின்றன.

ஆகவே கேள்வியைத் தாளாக மாற்ற வேண்டும். “இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணில் கடைசியாக அளந்தபோது எழுதிய அளவீட்டு அறிக்கையின் நகல், ஆக்கிரமிப்பாளர்களுக்கு அனுப்பிய நோட்டீசுகளின் நகல், அவை பதிவான பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.” நோட்டீசே போகவில்லை என்றால் “கோப்பில் இல்லை” என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டிவரும். அந்த ஒரு வரி, நூறு ‘ஏன்’களைவிடப் பின்னால் உதவும்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் பாதி மாதம் வீணாகிறது. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள குளம் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நிலம் புறம்போக்கா பட்டாவா என்கிற சங்கதி வட்டாட்சியர் அலுவலகத்தில். மடையும் கரையும் ஓரிடத்தில், நிலத்தின் பதிவு வேறிடத்தில். ஒரே மனுவில் இரண்டையும் கேட்டால் இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். இரண்டு மனுவாகவே போடுங்கள், கூடுதல் செலவு பத்து ரூபாய். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானதால், அந்தப் பக்கத்துப் பழைய கோப்பு கொக்கிரகுளத்தில் உள்ள நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறதா, தென்காசிக்குப் போய்விட்டதா என்று நாமே அலைய வேண்டாம். பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது வாங்கியவர் வேலை. “இது எங்கள் அலுவலகம் இல்லை” என்று மனுவைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

இணையத்தில் இருப்பதற்கு மனு போட வேண்டாம். சர்வே எண் வாரியாக நிலத்தின் விவரம் எழுதிய அ-பதிவேடு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம், புறம்போக்கா என்று சரிபார்ப்பது எல்லாம் வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கும். ஆனால் அது இன்றைய நிலையை மட்டுமே காட்டும். நேற்று வரை ‘குளம்’ என்று இருந்த உட்பிரிவு எந்த உத்தரவால், எந்தத் தேதியில் மாறியது என்பது திரையில் தெரியாது. பழைய தாளைத் தூக்கி எறியாமல் இருந்தால் எழுத்தர் அடித்துத் திருத்திய கோடாவது கண்ணில் படும். கணினியில் அந்தக் கோடும் கிடையாது. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் என்னும் நிலப் பதிவேடு புதுப்பிப்பு வேலையில் விழுந்த பிழைகள் பல அப்படியே கணினிக்கும் ஏறியிருக்கின்றன. எனவே கேட்க வேண்டியவை மூன்று: யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டு நகல், யுடிஆர் அ-பதிவேட்டு நகல், பிந்தைய மாறுதல் உத்தரவுகளின் நகல். மூன்றையும் வரிசையாக வைத்தால் எந்த இடத்தில் கை வைக்கப்பட்டது என்று தெரிந்துவிடும்.

மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மாநில அலுவலகத்துக்குத்தான் இது. ரயில்வே, தபால் போன்ற மத்திய அலுவலகங்களுக்கு வில்லை செல்லாது, பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் எடுக்க வேண்டும். 2025-ல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. தபால் துறைத் தளத்தில் ரசீது எண்ணைப் போட்டு, மனு பட்டுவாடா ஆன தேதி தெரியும் பக்கத்தை அன்றே பிரிண்ட் எடுத்துவிடுங்கள். பதில் தர வேண்டிய 30 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.

நேரில் கொடுக்கப் போனால் ஒரு அன்பான பேச்சு வரும்: “அண்ணாச்சி, தகவல் சட்டமெல்லாம் எதுக்கு? சாதா மனுவா எழுதிக் குடுங்க, பாத்துக்கிடுதோம்.” சாதா மனுவுக்கு இந்த 30 நாள் கெடுவும் கிடையாது, அபராதமும் கிடையாது. தகவல் மனு எதற்கு என்று காரணம் கேட்டாலும் சொல்ல வேண்டியதில்லை, பிரிவு 6(2).

இப்போது வரும் பதில்களில் அடிக்கடி தலைகாட்டுவது பிரிவு 8(1)(ஜே)தான். முன்பு தனிநபர் தகவலை மறுக்க வேண்டுமானால், பொது நடவடிக்கைக்குத் தொடர்பில்லை என்றோ, அந்தரங்கத்தில் நியாயமற்ற தலையீடு என்றோ காட்ட வேண்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த நிபந்தனைகளை வெட்டிவிட்டது; 2025 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. தனிநபர் தகவலா, மறுக்கலாம், அவ்வளவே. அந்தரங்கத்தைக் காக்கிற சட்டம் தேவைதான், ஆனால் குளத்தைச் சாப்பிட்டவருக்கும் அது குடை பிடிக்கிறது.

இதற்கு மனுவிலேயே அணை கட்ட வேண்டும். ஆளைக் கேட்காமல் நிலத்தைக் கேளுங்கள்: உட்பிரிவு எண், பரப்பு, உத்தரவு எண், தேதி, கையெழுத்திட்ட அலுவலரின் பதவி. கடைசியில் இரண்டு வரி சேருங்கள். ஒன்று, நீர்நிலைப் பாதுகாப்பு என்ற பொதுநலன் மேலோங்குவதால் பிரிவு 8(2)-ன்படி தர வேண்டும் என்பது. அந்தப் பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்னொன்று, பெயர், ஆதார் போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைப் பிரிவு 10-ன்படி தரலாம் என்பது. முழுக் கோப்பையும் மறுக்க அப்புறம் சாக்குக் கிடைப்பது கடினம்.

நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால், அந்தக் கடிதம் புறப்பட்ட நாள் முதல் நீங்கள் கட்டும் நாள் வரை கெடுவில் சேராது. கெடு தாண்டிவிட்டால் நகல் இலவசம், பிரிவு 7(6). கோப்பு பெரிதென்றால் முதலில் நேரில் பார்க்கக் கேளுங்கள். பக்க எண்ணைக் குறித்துவந்து தேவையானதை மட்டும் வாங்கலாம்.

பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, கட்டணம் இல்லை. அதில் புதுக் கேள்வி சேர்த்தால் தள்ளுபடிக்குக் காரணம் கிடைத்துவிடும். 30 நாளில், மிஞ்சினால் 45-ல் முடிவு சொல்ல வேண்டும். பிறகு 90 நாளுக்குள் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. பிரிவு 20-ன்படி நாளொன்றுக்கு 250, உச்சமாக 25,000 ரூபாய் அபராதம் வேண்டும் என்று அதில் தனியாகக் கேளுங்கள். ஆணையத்தில் வரிசை நீளம், பொறுமை வேண்டும்.

தாள் கைக்கு வந்ததும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் அப்படியே போடத் தோன்றும். போடாதீர்கள். அந்த நகல்களில் ஆதார் எண், கைபேசி எண், தகப்பனார் பெயர் எல்லாம் இருக்கக்கூடும். கரையில் ஒண்டுக் குடிசை போட்டவரும் பத்து ஏக்கர் வளைத்தவரும் ஒரே பட்டியலில் வருவார்கள், அடி விழுவது குடிசைக்குத்தான். போடத்தான் வேண்டுமென்றால் இந்த விவரங்களை மறைத்துப் போடுங்கள். மறைக்கும்போது கைபேசியின் ஹைலைட்டர் கோட்டை நம்பாதீர்கள், வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரியும். பிடிஎஃப்பில் வைக்கும் கறுப்புப் பெட்டிக்கு அடியிலும் எழுத்து அப்படியே இருக்கக்கூடும், நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும். நகலின் ஜெராக்ஸில் கறுப்பு மார்க்கரால் அடித்து, அதையும் ஒருமுறை ஜெராக்ஸ் எடுத்து, அந்த இரண்டாவது பிரதியை ஸ்கேன் செய்யுங்கள். சான்றொப்பமிட்ட அசல் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.