டைட்டேனியம் மடக்குக்கத்திப் பூட்டு: 8 டிகிரி முகத்தைச் சிறிய மில்லிங் மெஷினில் செய்து பார்த்தது

மடக்குக்கத்தியில் விரலைக் காப்பாற்றுவது ஒரு சிறிய முகம். அகலம் ஏறக்குறைய 1.2 மி.மீ., உயரம் 4 மி.மீ. லாக்பார் என்னும் பூட்டு நாக்கின் முனை, பிளேடின் காம்பை, அதாவது கைப்பிடிக்குள் இருக்கும் அடிப்பகுதியை, தாங்கிப் பிடிக்கும் இடம் அது. மற்ற எல்லாத் துளைகளும் பின்களும் வாஷர்களும் அந்த முகம் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும் என்பதற்காகவே இருக்கின்றன. அதனால் இந்த வேலையில் நாங்கள் பின்பற்றிய ஒழுங்கு ஒன்றுதான்: பூட்டு முகத்தைக் கடைசியில் தொடுவது. மற்றவை எல்லாம் அளவுக்கு வந்து நிலைத்த பிறகே அதில் அரம் படலாம்.

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரப் பக்கம் மடக்குக்கத்தி என்றால் பலருக்கும் முதலில் ஒக்காபிதான் நினைவுக்கு வரும். 1902இல் ஜெர்மனியில் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளுக்காகச் செய்யத் தொடங்கிய கத்தி, 1988 முதல் தென்னாப்பிரிக்காவிலேயே தயாராகிறது. காம்பில் பற்கள், முதுகில் ஸ்பிரிங், விடுவிக்க ஒரு வளையம். நூறில் ஒரு மில்லிமீட்டரைப் பற்றிக் கவலைப்படாமலே அது பல்லாண்டு உழைக்கும். நாம் பேசுவது ஃபிரேம்லாக். கைப்பிடித் தகட்டிலேயே நீளமாக ஒரு வெட்டுப் போட்டு, அந்தத் துண்டையே ஸ்பிரிங்காகவும் பூட்டாகவும் ஆக்குவது. அமெரிக்கக் கத்தி வினைஞர் மைக்கேல் வாக்கரின் லைனர்லாக்கை (கைப்பிடியின் மெல்லிய உள்தகடே பூட்டாகும் அமைப்பு) அடியொற்றி, தென்னாப்பிரிக்காவில் கத்தி செய்யத் தொடங்கி 1989இல் அமெரிக்காவுக்குப் போன கிறிஸ் ரீவ் உருவாக்கிய அமைப்பு. அவருடைய செபென்சா கத்தியால் இது உலகெங்கும் பரவியது.

ஏன் 8 டிகிரி?

காம்பின் பின்முகம் கத்தியின் கனத்தின் குறுக்கே சற்றுச் சரிந்திருக்கும். லாக்பார் அந்தச் சரிவில் ஆப்பு போல ஏறி உட்காரும். பிளேடின் முதுகில் அழுத்தம் வந்தால், அந்தச் சரிவு லாக்பாரை வெளியே தள்ளப் பார்க்கும். தள்ளவிடாமல் பிடிப்பது உராய்வு மட்டுமே. 8 டிகிரியின் டேன் மதிப்பு 0.1405. உராய்வுக் கெழு அதைவிட அதிகமாக இருக்கும்வரை பூட்டு நழுவாது. 10 டிகிரிக்குப் போனால் தேவை 0.176 ஆகிவிடும்; முகத்தில் எண்ணெய் பட்டிருந்தால் அது ஆபத்தான எல்லை. 6 டிகிரிக்கு இறக்கினால் நழுவாது, ஆனால் இறுகிக்கொள்ளும். கட்டைவிரலால் விடுவிக்க முடியாத அளவுக்கு ஒட்டும்.

இதே எண் தேய்மானத்தையும் சொல்லிவிடும். முகத்தில் 0.01 மி.மீ. தேய்ந்தால் லாக்பார் 0.07 மி.மீ. உள்ளே நகரும். ஏழு மடங்கு. கைவேலையில் இந்தப் பூட்டு ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதற்குக் காரணம் இந்த ஏழு மடங்குதான். 0.05 மி.மீ. அதிகமாக அரம் போட்டால் லாக்பார் 0.35 மி.மீ. தள்ளிப் போய் உட்காரும்.

பொருள்கள்

கைப்பிடித் தகடு கிரேடு 5 டைட்டேனியம், 3.5 மி.மீ. பிளேடு என்690 (N690) எஃகு, 4 மி.மீ.; இங்கே எளிதாகக் கிடைக்கும் நல்ல துருப்பிடிக்காத எஃகு, 12சி27-ஐயும் பயன்படுத்தலாம். பிவட் (பிளேடு சுழலும் அச்சு) 5 மி.மீ., ஸ்டாப் பின் (பிளேடு திறக்கும்போதும் மடங்கும்போதும் முட்டி நிற்கும் முளை) 4 மி.மீ., இரண்டும் கடினமாக்கித் தீட்டியவை. பாஸ்பர் வெண்கல வாஷர் 0.5 மி.மீ.; தகட்டில் 0.25 மி.மீ. ஆழக் குழியில் உட்காருவதால், பிளேடுக்கும் தகட்டுக்கும் நடுவே 0.25 மி.மீ. சந்து மிஞ்சும். டிடென்ட் குண்டு (மடக்கிய பிளேடைப் பிடித்து வைப்பது) 1.5 மி.மீ. செராமிக். எஃகுக் குண்டு மலிவு, ஆனால் கடற்காற்றில் அது துருப்பிடித்து, பிளேடின் பக்கத்தில் பழுப்புக் கோடு இழுக்கும். டர்பன் ஈரத்துக்குச் செராமிக்தான் சரி.

துளைகள்

இரண்டு தகடுகளையும் சூப்பர் குளூவால் ஒட்டி ஒன்றாகவே துளைத்தோம். பிவட் துளை 4.8 டிரில், பிறகு துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் 5 மி.மீ. எச்7 ரீமர். எச்7 என்றால் 5.000 முதல் 5.012 வரை. தகட்டைக் கழற்றாமல், மேசையை நகர்த்தியே ஸ்டாப் பின் துளையும் போட வேண்டும். இந்த இரண்டு துளைகளுக்கு நடுவிலான தூரம் வலது தகட்டிலும் இடது தகட்டிலும் 0.02 மி.மீ. மாறினால், பின் சாய்ந்து நிற்கும். பிளேடு ஒரு ஓரத்தில் மட்டும் தொடும். பூட்டு இன்று ஓர் இடத்திலும் நாளை ஓர் இடத்திலும் உட்காரும். பூட்டில் குற்றம் தேடுகிறவர்கள் பலர் கடைசியில் வந்து நிற்பது இந்தப் பின்னில்தான்.

பிளேடின் பிவட் துளையை ஹீட் ட்ரீட்மென்டுக்கு (எஃகைச் சூடாக்கிக் கடினமாக்குவது) முன் ரீமர் செய்து, பிறகு பித்தளைக் கம்பியும் வைரப் பசையும் வைத்துத் தேய்த்து, பிவட் தன் எடையில் மெல்ல இறங்கும் அளவுக்குக் கொண்டுவரலாம். சந்து 0.005 முதல் 0.010 வரை. அதற்கு மேல் போனால், பூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிளேடு மேலும் கீழும் ஆடும்.

லாக்பார் வெட்டும் வரிசை

இதில் வரிசை மாறினால் தகடு வீண். முதலில் உள்பக்கத்தில் ஸ்பிரிங் குழி: 8 மி.மீ. நீளம், மிஞ்சும் கனம் 1.2 மி.மீ. மூலைகளில் குறைந்தது 1.5 மி.மீ. ஆரம் வேண்டும், கூர்மூலை விட்டால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஸ்பிரிங் விசை கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 1.2ஐ 1.1 ஆக்கினால் 23 சதவீதம் குறையும், 1.0 ஆக்கினால் 42 சதவீதம். ஆகவே குழியின் அடியை வெர்னியரால் அளக்காமல் குண்டுமுனை மைக்ரோமீட்டரால் அளப்பது நல்லது.

அடுத்து நீள வெட்டு, 1.5 மி.மீ. கட்டர், பின்முனையில் 3 மி.மீ. வட்டத் துளையில் முடிய வேண்டும். காம்புக்கு எதிரே வரும் குறுக்கு வெட்டுதான் கடைசி. அதை முன்பே போட்டுவிட்டால் லாக்பார் நாக்குப்போலத் தனியாக நின்று அதிரும், கட்டர் முறியும்.

3 மி.மீ. நான்கு பல் கார்பைடு கட்டருக்கு 4800 சுற்று, ஒரு பல்லுக்கு 0.012 மி.மீ., ஆக நிமிடத்துக்கு 230 மி.மீ. ஓட்டம், ஆழம் 0.25. குறுக்கு வெட்டுக்கு 1 மி.மீ. இரண்டு பல் கட்டர். எங்கள் மில்லின் உச்ச வேகம் 5000 சுற்று, ஓட்டம் 30 மி.மீ., ஒவ்வொரு முறையும் ஆழம் 0.05 மட்டும். 12 மி.மீ. வெட்டுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். பொறுமை இல்லாமல் 0.1 ஆக்கினால் கட்டர் போய்விடும். டைட்டேனியத்தில் கட்டரை ஓரிடத்தில் தேய விடக்கூடாது. வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் அந்த இடம் சூடேறி இறுகும். பூட்டு முகத்தில் 0.3 மி.மீ. மிச்சம் விட்டு வைத்தோம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. டைட்டேனியத் தூளும் மெல்லிய சீவலும் தீப்பிடிக்கும். பெல்ட் கிரைண்டரில் வெள்ளைப் பொறியாகப் பறக்கும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. உலர்ந்த மணல் வாளி பக்கத்தில் இருக்கட்டும். எஃகு அரைத்த தூளோடு சேர்த்துக் குவிக்கவும் வேண்டாம்.

ஹீட் ட்ரீட்மென்ட்

என்690க்கு 1070 டிகிரி, 15 நிமிடம், துருப்பிடிக்காத எஃகுத் தாளில் சுற்றி; இரண்டு அலுமினியப் பலகைகளுக்கு நடுவே அழுத்தி ஆற்றுதல்; 180 டிகிரியில் இரண்டு மணி நேர டெம்பர் (நொறுங்குதன்மையைக் குறைக்கும் மறுசூடு), இருமுறை. கடினத்தன்மை ராக்வெல் சி 60 அளவில் வரும். நம் ஊரில் கூடுதலாக ஒரு கவனம்: லோட் ஷெடிங் அட்டவணையோ பராமரிப்பு மின்தடையோ இருந்தால், அதைப் பார்க்காமல் அடுப்பை ஏற்ற வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் பிளேடு அடுப்போடு மெல்ல ஆறிவிடும். எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும், வளைவும் கூடும்.

டிடென்ட்

பூட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை இரண்டு வரியில் விட்டுவிடுகிறார்கள். மடக்கிய கத்தி பையில் தானாகத் திறக்காமல் இருப்பது இந்தக் குண்டால்தான். அதனால் கொஞ்சம் விரிவாக.

குண்டுத் துளை, குண்டைவிட 0.02 முதல் 0.03 மி.மீ. சிறியது. வெளியே தெரியும் அளவு 0.55 மி.மீ. குண்டின் பாதி 0.75, அதைத் தாண்டி வெளியே நின்றால் பிடிப்பு இராது, ஒருநாள் கழன்று விழும். சந்து 0.25 போக, மீதி 0.30 மி.மீ. காம்பிலுள்ள துளைக்குள் போகும். அப்போது லாக்பார் தகட்டோடு சமமாக நிற்கும்.

காம்பில் துளை 1.3 மி.மீ. அது குண்டின் நேர் கீழே இருக்கக்கூடாது. நேராக இருந்தால் மடக்கிய பிளேடில் சிறு ஆட்டம் இருந்துகொண்டே இருக்கும். குண்டு துளையின் விளிம்பில் சறுக்கி, பிளேடை எப்போதும் ஸ்டாப் பின்னை நோக்கி இழுக்க வேண்டும். இதற்கு 0.05 மி.மீ. விலகல் போதும், கணக்குப் போட்டால் குண்டு இறங்கும் ஆழம் சரியாக 0.30 வருகிறது. விலகல் 0.10 ஆனால் ஆழம் 0.24 ஆகிப் பிடிப்பு தளரும்.

0.05ஐ எப்படிக் குறிப்பது? 4.00 மி.மீ. ஸ்டாப் பின்னுக்குப் பதில் 3.90 மி.மீ. தற்காலிகப் பின்னைச் செருகி, பிளேடை முழுக்க மடக்கி, குண்டுத் துளை வழியாகவே காம்பில் மையம் குறித்தோம். பிறகு 4.00 பின்னைப் போட்டதும் பிளேடு 0.05 முன்னாலேயே நிற்கிறது. குண்டு அதை இன்னும் உள்ளே இழுக்கப் பார்க்கிறது. பின்னுக்கும் குண்டுக்கும் பிவட்டிலிருந்து ஒரே தூரம், 7 மி.மீ., இருப்பதால் இந்தக் கணக்கு நேராக வருகிறது. தூரம் வேறானால் அந்த விகிதத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். பின்னுக்கும் பிளேடுக்கும் நடுவே மெல்லிய ஷிம் தகடு வைத்துக் குறித்தால் விலகல் எதிர்ப்பக்கம் போகும். குண்டு பிளேடைத் திறக்கத் தள்ளும். துளையை ஹீட் ட்ரீட்மென்டுக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

பூட்டு முகம்

காம்பின் முகத்தை, பிளேடு கடினமான பிறகு சர்ஃபேஸ் கிரைண்டரில் அரைத்தோம். கோணம் அமைக்கும் 100 மி.மீ. சைன் பாரின் ஒரு முனைக்கு அடியில் 13.917 மி.மீ. கேஜ் பிளாக் (துல்லிய அளவுக் கட்டை) வைத்தால் 8 டிகிரி. அதன்பின் கல்லில் தட்டையாகத் தேய்த்து மென்மையாக்கினோம். கையில் பிடித்து எமரி தேய்த்தால் ஓரங்கள் உருண்டு கோணம் கெட்டுவிடும்.

இப்போது லாக்பாரை வளைக்க வேண்டும். பிளேடு இல்லாதபோது முனை உள்பக்கம் 3 மி.மீ. வரை வர வேண்டும். பூட்டிய நிலையில் அது, 0.25 சந்தையும் சேர்த்து, ஏறக்குறைய 1.5 மி.மீ. உள்ளே நிற்கும், மீதி 1.5 அழுத்தமாக இருக்கும்.

மார்க்கர் மை பூசி, திறந்து, பார்த்து, 0.02 மி.மீ. அளவாக அரம் போட வேண்டும். மை அழியும் இடம் பிவட்டிலிருந்து தள்ளி, முகத்தின் கீழ்ப்பாதியில் இருப்பது அவசியம். மேலே, பிவட்டுக்குப் பக்கத்தில் தொட்டால் நெம்புகோல் கை குறைந்து, மிகச் சிறிய இடைவெளியும் பிளேடு நுனியில் பெரிய ஆட்டமாகத் தெரியும். லாக்பாரின் கனத்தில் 35 சதவீதம், அதாவது 1.2 மி.மீ., உள்ளே வந்ததும் அரத்தைக் கீழே வைத்தாயிற்று. உண்மையில் 30இலேயே நிறுத்தலாம். டைட்டேனியம் வெறும் முகமாக இருந்தால் பழகப் பழக எப்படியும் உள்ளே போகும்.

எஃகின்மேல் டைட்டேனியம் ஒட்டிப் பெயரும். பூட்டு 'கிரீச்' என்று இறுகி, விடுபடாமல் ஒட்டிக்கொள்வது அதனால். இதற்கு டங்ஸ்டன் கார்பைடு முனையால் மின்பொறி விட்டு லாக்பார் முகத்தில் கார்பைடு படிய வைத்தோம். படிவு 0.02 மி.மீ. ஏறினால்கூட பூட்டு 0.14 மி.மீ. முன்னே வந்துவிடும், அதைக் கணக்கில் வைத்தே அரத்தை நிறுத்த வேண்டும். கடினமாக்கிய எஃகுத் துண்டை ஸ்க்ரூவால் முனையில் பொருத்துவது இன்னும் நல்ல வழி என்பது எங்கள் எண்ணம். தேய்ந்தால் துண்டை மட்டும் மாற்றலாம். அடுத்த தகட்டில் அதுதான்.

பாரம் வைத்துப் பார்த்தது

முதுகைப் பலகையில் அறைந்து சோதிப்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு விசை. கைப்பிடியை வைஸில் பிடித்து, பிளேடின் வெட்டும் ஓரத்தை உறையால் மூடி, பூட்டு தாங்கும் திசையில் பிவட்டிலிருந்து 100 மி.மீ. தூரத்தில் 10 கிலோ தொங்கவிட்டோம். பிவட்டிலிருந்து 7 மி.மீ. தள்ளியுள்ள பூட்டு முகத்தில் அது 1400 நியூட்டன். அதில் லாக்பாரை வெளியே தள்ளும் பங்கு கிட்டத்தட்ட 200 நியூட்டன்; அதைத் தடுப்பது உராய்வு மட்டும். உலர்ந்த முகத்தில் லாக்பார் நகரவில்லை. பிவட்டுக்கு விடும் எண்ணெய் இந்த முகத்துக்கு வரக்கூடாது என்பது இதனால்தான். எண்ணெய் பட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியது: லாக்பாரை வெளியே அதிகமாக வளைத்து ஸ்பிரிங்கைக் கெடுக்காமலிருக்க 0.5 மி.மீ. இடைவெளியில் ஒரு தடுப்புப் பட்டை. அதோடு 4.02, 4.04, 4.06 அளவில் மூன்று ஸ்டாப் பின்கள் கடைந்து வைப்பது. நடுப்பகுதி மட்டும் பெரிதாக, இரு முனைகளும் 4.00ஆகவே. பூட்டு பழகி உள்ளே போகும்போது, விட்டத்தில் 0.02 கூடிய பின்னைப் போட்டால் பிளேடு 0.01 முன்னால் நின்று, லாக்பார் 0.07 மி.மீ. திரும்பி வரும்.