என் அணுக்கள் சந்திக்காத வைரஸ்

ஜனவரி 27 (எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் பின் 18-ஆம் நாள்)

தொடர்ந்து மூன்றாவது நாளாகத் தம்பியின் ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை 500-க்கு மேல் இருப்பதால், என்னிடமிருந்து எடுத்து 9-ஆம் தேதி அவனுக்குச் செலுத்திய, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் மஜ்ஜையில் வேர்பிடித்துவிட்டதாக மருத்துவர் கூறினார். நியூட்ரோபில்கள் முக்கியமாகப் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எதிர்ப்பவை என்றும், வைரஸ்களை அடக்கும் டி செல்கள் தேறிவரப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும் என்றும் அவர் சேர்த்துச் சொன்னது, எல்லோருடைய மகிழ்ச்சிக்கிடையே யார் காதிலும் சரியாக விழவில்லை.

பிப்ரவரி 6 (28-ஆம் நாள்)

பழைய பரிசோதனைத் தாள்களை அடுக்கும்போது ஒரு வரியில் கண் நின்றது. சைட்டோமெகலோ வைரஸுக்கான எதிர்ப்பொருள் அவனுக்கு உண்டு, எனக்கு இல்லை. பலருக்குச் சிறு வயதிலேயே அறிகுறியின்றித் தொற்றி, ஆயுள் முழுவதும் உடலுக்குள் உறங்கும் வைரஸ் அது. அவனுடைய பழைய நோயெதிர்ப்பு அழிக்கப்பட்டு, இதை ஒருமுறைகூடச் சந்தித்திராத என் அணுக்கள் அங்கே காவலுக்குப் போயிருக்கின்றன. ஒரு தொற்று எனக்கு வராமல் போனதே என்று வருந்துவேன் என நான் நினைத்ததில்லை.

பிப்ரவரி 13 (35-ஆம் நாள்)

வாராந்திர பிசிஆர் பரிசோதனையில் அந்த வைரஸ் தென்பட்டது: எண்ணிக்கை 410. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. தம்பி படுக்கையில் அமர்ந்து செஸ் ஆடிக்கொண்டிருந்தான். ஐந்து வாரமாகக் கதவருகே நின்று, லேசாகத் தும்மிய சித்தப்பாவைக்கூடத் திருப்பியனுப்பினேன். அது வீணல்ல, மூக்கோடு நிற்கவேண்டிய ஃப்ளூவும் ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸும் தம்பி போன்றவர்களுக்கு நுரையீரல்வரை இறங்கிவிடும். ஆனால் இது வாசல் வழியாக வரவில்லை. தினமும் விழுங்கும் அசைக்ளோவிர் அக்கியைத் தடுக்குமே தவிர, இதற்குப் போதாதாம். நுரையீரலையோ குடலையோ தாக்கும்வரை காத்திராமல், எண்ணிக்கை எழும்போதே மருந்தைத் தொடங்குவதுதான் முறை.

பிப்ரவரி 20 (42-ஆம் நாள்)

கான்சிக்ளோவிர், நாளுக்கு இரண்டு வேளை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் நரம்பு வழியாக ஏறுகிறது. இருந்தும் எண்ணிக்கை 1,260. முதல் ஓரிரு வாரங்களில் இப்படி ஏறுவதுண்டு, மருந்து தோற்றுவிட்டதென்று அர்த்தமில்லை என்றார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மார்ச் 6 (56-ஆம் நாள்)

தொடர்ந்து இரண்டு வாரமாக வைரஸ் தென்படவில்லை. ஆனால் மருந்து மஜ்ஜையையும் ஒடுக்கும் என்று எச்சரித்திருந்தபடியே, 2,100 வரை வந்திருந்த நியூட்ரோபில் 600-க்குச் சரிந்துவிட்டது. மாற்று மருந்தான ஃபாஸ்கார்நெட் மஜ்ஜையை விட்டுவைத்தாலும் சிறுநீரகத்தைப் படுத்தும் என்பதால், இப்போதைக்கு எதுவும் கொடுக்காமல், அணுக்களை ஊக்குவிக்கும் ஊசியை மட்டும் போட்டு, வாராவாரம் கவனிப்பதாக முடிவாகியிருக்கிறது.

“அக்கா, உன் அணுவெல்லாம் பாடம் படிச்சிருச்சா?” என்று கேட்டான் தம்பி. அடுத்த வெள்ளிக்கிழமைக்கான ஊதா மூடிக் குழாயில் செவிலியர் அவன் பெயரை ஒட்டிக்கொண்டிருந்தார்.