சேரும் உறங்கும் நத்தையும்

எங்கள் உயிரியல் ஆசிரியர், சேர், காலமாகிவிட்டார் என்ற செய்தி தை மாதம் ஒரு விடியற்காலையில் வந்தது. லண்டனில் வெளியே பனி. பெயர் எழுதத் தேவையில்லை, உயர்தர உயிரியல் வகுப்பு என்றால் அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

1982 மாசி. கொழும்பில் மழையே இல்லை. ஆய்வுகூடத்துக்குப் பின்னால், உடைந்த வாங்குகளின் கீழே ஆபிரிக்க நத்தைகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. 1900 அளவில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இனம், வீட்டில் அம்மா உப்புப் போட்டுக் கொல்லும் அதே நத்தைதான். சேர் பன்னிரண்டைப் பொறுக்கச் சொல்லி, காய்ந்த மணல் போட்ட பெட்டியில் வைத்து, பொறுப்பை என்னிடம் தந்தார்.

சில நாட்களில் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. ஓட்டின் வாயில் காய்ந்த அப்பளம் போல வெள்ளைப் படலம். நான் அதை அழுக்கென்று நினைத்தேன். பெற்றோர் தினத்துக்குத் துப்புரவாக இருக்கட்டும் என்று கவராய முனையால் நாலைந்தைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

"என்ன காணும் செய்தனீர்? அது கதவைப் பூட்டிப்போட்டு ஈரத்தைக் காப்பாற்றிக்கொண்டு கிடக்குது. நீர் ஏன் உடைச்சனீர்? ஏறும் வாங்கில" என்றார் சேர்.

இரண்டு பாடவேளை நின்றேன். யன்னலால் கீழ் வகுப்புப் பெடியன்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த அவமானம் இன்றும் காதுமடலில் சுடுகிறது. ஒரு பதினேழு வயதுப் பிள்ளையை அப்படி நிறுத்தியிருக்க வேண்டாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பாடத்தில் ஒரு சொல்லும் எனக்கு மறக்கவில்லை.

உறக்கத்திலும் உயிர் எரிகிறது, மிக மெதுவாக. புரதம் சிதைந்தால் நைதரசன் கழிவு வரும். அமோனியாவாக வெளியேற்ற நிறையத் தண்ணீர் வேண்டும், நத்தையிடம் அது இல்லை. அதனால் பெரும்பகுதியை யூரிக்கமிலமாக மாற்றிச் சிறுநீரகத்தில் சேர்த்துக்கொள்கிறது. அது தண்ணீரில் கரைவது அரிது, பளிங்காகக் கிடக்கும், உடலை நஞ்சாக்காது. சில இனங்கள் யூரியாவையும் இழையங்களில் தேக்கும். காபனீரொட்சைட்டுக்கு வேறு வழி: சுவாசத் துளையை எப்போதாவது திறந்து மூடும். இடையில் ஏறும் அமிலத்தைக் கல்சியம் காபனேற்று சமன்செய்யும்.

"கழிவை எறிய வசதியில்லாட்டி, கேடு செய்யாத மாதிரி வைச்சிருக்க வேணும்" என்றார். சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, எகிப்திய நத்தையின் கதையைச் சொன்னார். இறந்தது என்று நினைத்து 1846 மார்ச் 25இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அட்டையில் ஒட்டினார்கள். 1850 மார்ச்சில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டபோது தலையை நீட்டியது.

சித்திரையில் ஒரு பின்னேரம் இடியோடு மழை. எல்லோரும் பஸ்ஸுக்கு ஓட, சேர் என்னை மட்டும் கூப்பிட்டார். நான் சுரண்டாத நத்தை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துக் கூரைத் தண்ணீரில் பிடிக்கச் சொன்னார். படலம் இளகிப் பிரிந்தது. கால் வந்தது, பிறகு கொம்புகள். நகர்வதற்கு முன்னமே சுவாசத் துளைப் பக்கமாக வெண்பசை ஒன்று, பற்பசை போல, என் விரலில் இறங்கியது. மாதக்கணக்கில் சேர்த்து வைத்தது.

"பார்த்தீரா, தம்பி?" என்றார். அவ்வளவுதான். என்னைத் தம்பி என்று சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டோம். இங்கே வந்தபின் கடிதம் எழுத வேண்டும் என்று எத்தனையோ தரம் நினைத்தேன். வேலை, பிள்ளைகள், அம்மாவின் வருத்தம் என்று காலம் போய்விட்டது.

மூன்று தரம் கொழும்புக்குப் போனேன். கடைசித் தரம், 2018இல், வெள்ளவத்தையில் அவருடைய ஒழுங்கை முனைவரை நடந்தேன். கையில் ஒரு பெட்டி சொக்லேட். மத்தியானம் இரண்டு மணி, கேற் பூட்டியிருந்தது, யன்னல் சீலைகள் இழுத்துவிட்டிருந்தன. சேர் படுத்திருப்பார், தட்டி எழுப்பக்கூடாது என்று திரும்பி வந்துவிட்டேன்.