வீட்டுப் பொதுக் கணினியில் சூடோவைப் புதுப்பித்த அனுபவம்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன் அறையில் இருக்கும் கணினி நான்கு பேருக்குப் பொதுவானது. அதில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறேன். எனக்கும் தம்பிக்கும் நிர்வாகி உரிமை உண்டு. அப்பாவுக்கும் உயர்தரம் படிக்கும் தங்கைக்கும் சாதாரணக் கணக்குகள்தான். தங்கையின் கணக்கில் அவளோடு படிக்கும் பிள்ளைகளும் இருந்து வேலை செய்வார்கள். ஆகையால், நிர்வாகி அதிகாரத்துடன் கட்டளைகளை ஓடவிடும் நிரலான சூடோவில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதைப் பற்றி வாசித்ததும், இதை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

2025 யூன் 30 அன்று வெளியில் தெரியவந்த அந்த ஓட்டைக்கு, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் உள்ள பதிவெண் சிவிஇ-2025-32463. சூடோ 1.9.14 முதல் 1.9.17 வரையான பதிப்புகளை அது பாதித்தது. சூடோ அனுமதியே இல்லாத சாதாரணக் கணக்கில் இருப்பவர்கூட அதைப் பயன்படுத்தி ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) ஆகிவிட முடியும். சி-ரூட் என்ற தெரிவோடு ஒரு கோப்புறையைக் காட்டினால், கேட்பவருக்கு அனுமதி உண்டா என்று பார்த்து முடிப்பதற்கு முன்னரே சூடோ அந்தக் கோப்புறைக்குள் போய், அங்கே இருக்கும் அமைப்புக் கோப்பை நம்பி, அது சொல்லும் நிரலகத்தை (லைப்ரரியை) ரூட் அதிகாரத்துடன் ஏற்றிவிடும். வாசலில் நிற்கும் காவலாளி, தன் கையில் உள்ள பெயர்ப்பட்டியலை விட்டுவிட்டு, வந்தவர் நீட்டும் பட்டியலைப் பார்த்து ஆளை உள்ளே விடுவதைப் போன்ற தவறு இது. ஒருவர் மட்டும் பாவிக்கும் கணினியை விட, பலர் பாவிக்கும் கணினியில் இது பெரிய விடயம்.

பாதுகாப்புத் திருத்தங்களை உபுண்டு தானாகவே நாள்தோறும் நிறுவிக்கொள்ளும். டேட்டா தீர்ந்துபோகிறது என்பதற்காக அதை நிறுத்தி வைத்தவன் நானே. எனவே இரவு நேர டேட்டா தொடங்கும் நள்ளிரவு வரை விழித்திருந்து, பொதிகளை (நிரல்களின் நிறுவல் கோப்புகளை) இறக்கி நிறுவும் ஏபிடியில் அப்டேட் கட்டளையைக் கொடுத்தபின், அப்கிரேட் கட்டளையைத் தரவிறக்கம் மட்டும் செய்யும்படி ஓடவிட்டேன். சூடோவின் பொதி மிகச் சிறியது. வன்பொருளுக்கான ஃபேம்வெயர் பொதிதான் இறங்கி முடிய நேரம் எடுத்தது. நிறுவும் வேலையைக் காலைக்கு விட்டேன். பாதியில் கரண்ட் போனால் எங்கள் பழைய யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்று நம்பிச் சொல்ல முடியாது.

காலையில் கட்டளையைக் கொடுத்தால், ஏபிடிக்கு அடியில் பொதிகளை நிறுவும் டிபிகேஜியின் பூட்டு (ஒரே நேரத்தில் இரண்டு நிறுவல் நடக்காமல் தடுப்பது) வேறொரு செயலின் கையில் இருப்பதாகச் சொல்லி, அதன் எண்ணையும் காட்டிக் காத்துக்கொண்டு நின்றது. பூட்டுக் கோப்பை அழித்துவிடும்படி இணையத்தில் பலர் சொல்வார்கள். அது பொதிகளின் பதிவேட்டையே குழப்பிவிடக்கூடிய வேலை என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அந்த எண்ணைப் பிடித்துத் தேடிப் பார்த்தபோது, இரவு நான் படுக்கப்போன பின் தம்பி தன் கணக்கில் திறந்து வைத்த டெர்மினலில் வந்து முடிந்தது. பிரிண்டருக்கான பொதி ஒன்றை நிறுவப் போனவன், "தொடரவா?" என்ற கேள்விக்கு விடை கொடுக்காமலே திரையைப் பூட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறான். ஏபிடி விடியும்வரை அவனுடைய விடைக்காகக் காத்திருந்தது. எழுப்பிக் கேட்டேன். "அண்ணா, ஓம் எண்டு போட மறந்திட்டன்," என்றான். இப்போதைக்கு 'இல்லை' என்று கொடுக்கச் சொன்னேன். பூட்டு உடனே விடுபட்டது.

நிறுவல் சில நிமிடங்களில் முடிந்தது. ஆனால் சூடோவின் பதிப்பைக் கேட்டால், முன்பு காட்டிய அதே 1.9.15 என்ற எண்ணையே காட்டியது. ஓட்டை அடைக்கப்பட்ட மூலப் பதிப்பு 1.9.17பி1 என்று வாசித்திருந்ததால், வேலை பிழைத்துவிட்டது என்றே நினைத்தேன். உண்மையில் உபுண்டு நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் புதிய பதிப்புக்கு மாறாமல், திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டிவிடுகிறது. மாறுவது பொதி எண்ணின் வால் மட்டுமே. ஏபிடி சேஞ்ச்லாக் சூடோ என்று கொடுத்துப் பார்த்தபோது, மாற்றப் பட்டியலில் 32463 கண்ணில் பட்டது. பிறகுதான் தேநீர் குடிக்க எழுந்தேன்.

சூடோ ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும் நிரல் என்பதால் அதற்கு மறுதொடக்கம் தேவையில்லை. இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கு அது தேவை. புதிய கேர்னலும் அதே தொகுதியில் வந்திருந்தது. ஓடும் கேர்னலைக் காட்டும் யூநேம் கட்டளையோ பழைய கேர்னலின் எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. யார் உள்நுழைந்திருக்கிறார்கள் என்று காட்டும் ஹூ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது தங்கையின் அமர்வும் திறந்தபடியே இருந்தது. அவள் ரியூசனுக்குப் போயிருந்தாள். பதினைந்து நிமிடத்தில் மறுதொடக்கம் என்று அறிவித்தல் அனுப்பலாம்தான்; ஆனால் அது டெர்மினலில் இருப்பவருக்கே தெரியும், வகுப்பில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? தாளில் "சேமிக்காமல் போகவேண்டாம், இன்று மறுதொடக்கம்" என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டு, அவள் வரும்வரை இருந்தேன். வந்து திறந்தபோது லிபரே ஆபிஸில் பெயரே வைக்காத ஒரு கோப்பில் உயிரியல் குறிப்பு ஏழு பக்கம் இருந்தது. அவள் அதைச் சேமித்த பிறகே மறுதொடக்கம் செய்தேன். யூநேம் புதிய எண்ணைக் காட்டியது.

தானியங்கிப் புதுப்பிப்பை மறுபடியும் இயக்கிவிட்டேன். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே என்பதால் டேட்டா பெரிதாகச் செலவாகாது என்று நினைக்கிறேன். தாள் இன்னும் திரையின் ஓரத்தில் ஒட்டியபடியே இருக்கிறது. தம்பியின் பிரிண்டர் பொதி மட்டும் இன்னும் நிறுவப்படவில்லை.